எட்டுக் கூடை மண்

றக்வானவிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில், ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்து எல்லையில், துரைமாரின் கிளப் இருக்கிறது. கிளப் வீட்டின் உள்சுவரில் ஒரு பெரிய பலகை. பெண்கள் டென்னிஸ் பந்தயத்தில் வருஷா வருஷம் வென்றவர்களின் பெயர்கள் அதில் பொன் எழுத்தில் இருக்கின்றன. வெளியே, ஆட்டத் தரைக்குப் பின்னால், தரையை அழுத்தி இறுக்கும் ரோலர் நிறுத்தும் தகரக் கொட்டகை. அதன் உள்பக்கத் தகரத்திலும் வருஷத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அந்த வரிகளில் எழுத்துக் கிடையாது, சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டுமே. பலகையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். தகரத்தில் புள்ளி வைத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் சுப்பம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வென்றவர் யார் என்பதைப் பலகை சொல்லும். வென்றவர் எவ்வளவு பலமான ஆளோடு மோதி வென்றார் என்பதை அறிய வேண்டுமானால் தகரத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. சென்ற மாசியில் அந்தத் தகரத்தை வைத்துத்தான் ஒரு பெண்ணின் பெயர் பலகையில் ஏறுமா, ஏறாதா என்று தீர்ப்பாயிற்று. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் சுப்பம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாமல் புள்ளிகள் விளங்கமாட்டா.

மதுரைப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர் சுப்பம்மா. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான ஊத்துமலை லயத்தில் வளர்ந்து, இருபது வயதில் தன் கூட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து எடுப்பவர்களில் ஒருவரானார். அந்தக் காலத்தில் இருந்த பெரிய துரை, கொழுந்து பெருகும் பருவத்தில் ஒரு நாள் போட்டி வைப்பாராம். அன்று அதிக ராத்தல் எடுத்த பெண்ணுக்கு ஒரு சேலை பரிசு. ஆயிரத்துத் தொளாயிரத்தொன்றாம் வருஷம் அந்தச் சேலை சுப்பம்மாவுக்குக் கிடைத்தது. சிவப்புச் சேலை.

ஆனால் தோட்டத்தில் முதல் கைக்காரி வேறொருத்தி. வெள்ளையம்மா என்று பெயர். போட்டி நடந்த வாரம் வெள்ளையம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார். சுப்பம்மா சந்தோஷத்தோடு சேலையைக் காட்டப் போயிருக்கிறார்.

“என்னடி, செகப்புச் சேலையா? எத்தன ராத்தல் எடுத்த?”

“நாப்பத்தஞ்சு அக்கா.”

“நாப்பத்தஞ்சா! புள்ள வலியோட வந்திருந்தாலும் நான் நாப்பத்தஞ்சு எடுத்திருப்பேன்டி. சரி, நல்லாக் கட்டிக்க.”

லயம் முழுதும் சிரித்ததாம். அந்தச் சேலையைச் சுப்பம்மா ஒரு நாள்கூடக் கட்டவில்லை. பிறகு தன் பிள்ளைக்குத் தூளியாகக் கிழித்துக் கட்டினார்.

அடுத்த வருஷம் வெள்ளையம்மா எழுந்து வந்தார். சுப்பம்மா கங்காணியிடம் கேட்டு, வெள்ளையம்மாவுக்குப் பக்கத்து நிரையிலேயே நின்றார். அன்று மாலை நிறுத்தபோது வெள்ளையம்மாவுக்கு அறுபத்திரண்டு ராத்தல், சுப்பம்மாவுக்கு அறுபத்து நான்கு.

“எனக்கே நம்ப முடியல தம்பி,” என்று அதைப் பற்றி என்னிடம் சொன்னார். “அவ கொழுந்து ஒடிக்கிற சத்தம் என் காதுகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தம் நிக்கல, அதனால என் கையும் நிக்கல. அவ இல்லாட்டி அந்த அறுவத்து நாலு என் ஒடம்புல இருந்ததே எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

இரண்டாவது சேலை கத்தரிப்பூ நிறம். அதைப் பார்த்து வெள்ளையம்மா, “இத நீ கட்டிக்கிட்டா எனக்கும் பெருமதாண்டி” என்றாராம். அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டிக்குள் போயிற்று. பெரிய விசேஷத்துக்கு மட்டுமே வெளியே வரும்.

இனி டென்னிஸுக்கு வருகிறேன்.

சுப்பம்மாவின் புருஷன் இருளப்பன் கிளப்பில் ரோலர் இழுப்பவராக இருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்தெட்டில் அந்த ரோலரே அவர் கால்மேல் ஏறிவிட்டது. கால் நொண்டியானபின் அவரைக் காவலுக்குப் போட்டார்கள். ரோலர் வேலையைத் தான் செய்வதாகச் சுப்பம்மா போய் நின்றார். பொம்பிளை ரோலர் இழுப்பதா என்று எல்லாரும் சிரித்தார்கள். கிளப்பில் சமைக்கும் கோக்கி சாலி நானாதான் அதிகம் சிரித்தவர். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

“என்ன சுப்பம்மா, தொரமார் வெளயாடுற எடத்துல தேயிலக் கண்டு நடப் போறீங்களா?”

“ஒங்க அடுப்புல அடிப்புடிச்ச சோத்தவிட என் தரை நல்லாத்தான் இருக்கும் நானா.”

அது உண்மையாயிற்று. டென்னிஸ் தரையைப் புற்றுமண்ணால்தான் போடுகிறார்கள். கறையான் புற்றை உடைத்து, சலித்து, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து, ரோலர் விட்டால் சிமெந்து மாதிரி இறுகும். ஆனால் ஆட்டக்காரர் ஓடி வந்து சட்டென்று காலை ஊன்றித் திரும்பும்போது மேல்மண் பெயர்ந்துவிடும். ஆட்டம் முடிந்தபின் பெயர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு அடைக்க வேண்டும். கூடையில் மண் எடுத்துக்கொண்டு அடைத்துக்கொண்டே போவார் சுப்பம்மா.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் வலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வரும் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும், அடிக்க முடியாதவர் தோற்றார். எதிராளி பலவீனமானவர் என்றால் இரண்டு அடியில் முடிந்துவிடும், யாரும் அதிகம் ஓட வேண்டியதில்லை. இருவரும் பலமானவர் என்றால் பந்து விழாது. இருபது முறை, முப்பது முறை போய்ப் போய் வரும். அத்தனை முறையும் இருவரும் ஓடுவார்கள், தரையும் பெயரும்.

இரண்டாவது வருஷமே இதைச் சுப்பம்மா கவனித்துவிட்டார். சில ஆட்டத்துக்கு ஒரு கூடை மண் போதுமாக இருந்தது, சில ஆட்டத்துக்கு ஐந்தும் போதவில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் பெண்களின் கடைசி ஆட்டம் முடிந்ததும், ஒரு கூடை மண்ணுக்கு ஒரு புள்ளி என்று சுண்ணாம்பில் விரலைத் தோய்த்துத் தகரத்தில் வைத்தார். அரைக் கூடைக்கு ஒரு சின்னக் கோடு. கூடை நாலு கொத்து அரிசி கொள்ளும். அது பிய்ந்து புதுக் கூடை முடையும்போதெல்லாம் பஸாரில் இருக்கும் எங்கள் வாப்பாவின் அரிசிக் கடைக்கு வந்து, கொத்துப் படி வாங்கி, அரிசி போட்டு அளந்து பார்ப்பார். கொஞ்சம் கூடினாலும் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். மழை பெய்து தரை இளகியிருந்தால், அதற்குத் தக்கபடி ஒன்றோ அரையோ அப்போதே கழித்துவிடுவார்.

இது கிளப்பில் ஒரு வழக்கமாகவும் ஆயிற்று. தலைவர் பிரெண்டிஸ் துரை அப்போது இளைஞர். கோப்பை கொடுத்து முடிந்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், “சுப்பம்மா! எத்தனை கூடை?” என்று சத்தம் போட்டுக் கேட்பார். சுப்பம்மா விரலைக் காட்டுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். துரைமாருக்கு அது ஒரு விளையாட்டு, சுப்பம்மாவுக்கு அப்படி இல்லை.

முதல் காலத்து வீராங்கனை ஹாலெட் துரைசாணி. யுத்தத்துக்கு முன்னால் ஐந்து முறை வென்றவர். அப்போது பெல்மதுளை, ஓப்பநாயக்க, பலாங்கொடை என்று எல்லாத் தோட்டங்களிலிருந்தும் குதிரையிலும் வண்டியிலும் இருபது பெண்கள் வருவார்களாம். ஹாலெட் துரைசாணியின் வரிகளில் புள்ளிகள் ஐந்து, ஏழு, ஆறு, ஒன்பது, ஏழு. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டின் அந்த ஒன்பதுதான் தகரத்தில் நீளமான வரி.

யுத்தத்தோடு அந்தக் கூட்டம் கலைந்தது. பிறகு வந்தவர் மிஸ் விண்டர். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் மகள், சீமையில் ஆட்டம் படித்தவர். எட்டு முறை வென்றார். பலகையில் எங்கு பார்த்தாலும் அவர் பெயர்தான். கிளப்புக்குப் புதிதாக வருபவர்கள் பலகையை எண்ணிப் பார்த்து, ஐந்தைவிட எட்டு பெரிது, ஆகவே மிஸ் விண்டரே எல்லாரிலும் சிறந்தவர் என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் தகரத்தில் அவர் வரிகள் இரண்டு, ஒன்றரை, மூன்று, ஒன்று என்று குட்டையாகவே போகின்றன. கடைசி வருஷங்களில் போட்டிக்கு வந்தவர்களே ஐந்து பேர்தான்.

ஒரு முறை மிஸ் விண்டர் கோபித்துக்கொண்டாராம். “சுப்பம்மா, எனக்கு மட்டும் ஏன் கொறச்சுச் சொல்றது?”

“நான் கொறைக்கலீங்க. ஒங்க பந்து போனா திரும்பி வரமாட்டேங்குதுங்களே. பந்து வராம நீங்க எங்கிட்டு ஓடுவீங்க? ஓடாம மண்ணு எப்புடிங்க பேரும்?”

மிஸ் விண்டர் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம்.

அப்படியானால் மிஸ் விண்டர் ஹாலெட் துரைசாணியைவிடக் குறைந்தவரா என்று நான் சுப்பம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். “கெட்டிக்காரிதான் தம்பி. ஆனா எம்புட்டுக் கெட்டிக்காரின்னு யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கே தெரியாது. யாராவது ஒருத்தி வந்து ஓட வச்சாத்தானே தெரியும்?”

அந்த ஒருத்தி வந்தாள்.

தேயிலை விலை விழுந்து பல துரைமார் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறியபின், போட்டியில் ஆட ஆள் இல்லை. சென்ற மாசியில் நடந்த போட்டியில் துரைமார் அல்லாத குடும்பத்துப் பெண்களும் சேரலாம் என்று கிளப் முதன்முதலாக அனுமதித்தது. அப்படிச் சேர்ந்தவர் ஒருவர்தான். றக்வான ஆஸ்பத்திரி டாக்டர் நாகலிங்கத்தின் மகள் இராசமணி. வயது இருபது. கொழும்பில் படிக்கும்போது ஆடப் பழகியவர். இங்கே ஆடத் துணையில்லாமல், ஆஸ்பத்திரிப் பின்சுவரில் பந்தை அடித்து அடித்துத் தனியே பழகினார். மருந்துக்கு வந்தவர்கள், அந்தச் சத்தத்தில் இருந்த தலைவலியும் கூடிவிடுகிறது என்று முறைப்பட்டார்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் அவர் தரையைப் பார்க்க வந்தார்.

“சுப்பம்மாக்கா, இந்தத் தரையிலை பந்து எப்பிடி எழும்பும்?”

“கெழக்கு மூலையில மட்டும் கொஞ்சம் தாழ வரும்ங்க. விண்டர் அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.”

“அவவுக்கு ஏன் சொன்னனீங்கள்? அவ எட்டுத்தரம் வெண்டவ.”

“தரை ரெண்டு பேருக்கும் ஒன்னுதானுங்களே.”

இராசமணி சிரித்துவிட்டுக் கிழக்கு மூலைக்குப் போய்க் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

மொத்தம் ஆறு பேர் ஆடினார்கள். கடைசி ஆட்டம் மிஸ் விண்டருக்கும் இராசமணிக்கும். கம்பி வேலிக்கு வெளியே மேட்டில் நின்று பார்க்க அன்று எல்லாரையும் விட்டார்கள். லயத்து ஆட்கள், பஸார் ஆட்கள், கிராமத்துச் சிங்கள ஆட்கள் என்று மேடு நிறைந்துவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கு ஆட்டமே விளங்காது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மிஸ் விண்டர் அடித்த பந்துகள் திரும்பி வந்தன. எந்த மூலைக்கு அடித்தாலும் வந்தன. அவருக்கு வயது முப்பத்தாறு. ஆனாலும் அன்று ஓடியதுபோல் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லையாம். “ஹொந்தாய் நோனா!” என்று சிங்களத்தில் பாராட்டி ஒரு பக்கம் சத்தம், “விட்டுறாதீங்கம்மா!” என்று மறுபக்கம் சத்தம். முதல் சுற்று இராசமணிக்கு, இரண்டாவது மிஸ் விண்டருக்கு. மூன்றாவதில் இருவரும் ஆறுக்கு ஆறு வந்து, பிறகு எட்டுக்கு ஆறு என்று இராசமணி வென்றார். மிஸ் விண்டரின் கடைசிப் பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு, ஒரு கணம் நின்று, அவர் பக்கமே விழுந்தது.

அவ்வளவுதான். மேட்டில் நின்ற நாங்கள் கம்பி வேலியின் கதவைத் தள்ளிக்கொண்டு தரைக்குள் பாய்ந்துவிட்டோம். ஓடியவர்களில் நானும் ஒருவன். தலைக்கங்காணி அழகமுத்து துண்டைச் சுழற்றி ஆடினார். அவர் ஆட, லயத்து ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்று ஆடினார்கள்.

எல்லாரையும் வெளியேற்றும்போது மலை உச்சியில் மேகம் கறுத்துவிட்டது. பெயர்ந்த தரையில் மழை விழுந்தால் சேறாகிவிடும். சுப்பம்மா அவசரமாகச் சுரண்டி, மண் போட்டு, அடைத்தார். ஒவ்வொரு கூடை முடியவும் ஓடிப்போய்த் தகரத்தில் ஒரு புள்ளி. பதினொரு புள்ளி. ஒன்பதைத் தாண்டிவிட்டது! வேலிக்கு வெளியே நின்று எண்ணிய அழகமுத்து கங்காணி பஸார் வரை அதைச் சொல்லிக்கொண்டே போனார். ஹாலெட் துரைசாணியையும் மிஞ்சிவிட்டாள் நம் பாஷை பேசும் பெண் என்று அன்று மாலை எல்லாக் கடையிலும் அதே பேச்சு.

ஆனால் கோப்பையைக் கொடுத்த கையோடு கிளப்பில் ஒரு தகராறு கிளம்பியது. அதில் கூடை கேட்கும் வழக்கமும் அன்று விட்டுப்போயிற்று. காரியதரிசி லோகன் துரை பழைய சட்டப் புத்தகத்தைத் திறந்தார். எட்டுப் பேருக்குக் குறைவாக ஆடினால், அந்த வருஷத்துப் பெயரைப் பலகையில் எழுத வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. இந்த வருஷம் ஆறு பேர். அதோடு மிஸ் விண்டரும் இளமை கடந்தவர். இது பலவீனமான வருஷம், கோப்பையை வைத்துக்கொள்ளட்டும், பலகையில் பெயர் வேண்டாம் என்றார். ஐந்தே பேர் ஆடிய வருஷங்களில் மிஸ் விண்டரின் பெயரை எழுதியது எப்படி என்று பிரெண்டிஸ் துரை கேட்டார். அப்போது யாரும் சட்டத்தைப் பார்க்கவில்லை என்று பதில் வந்தது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுப்பதென்று வைத்தார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது சுப்பம்மாவுக்கு வேறொரு சங்கடம். ஆட்டத்துக்கு மறுநாள் காலை தரையைப் பார்க்கப் போயிருக்கிறார். மழை மலையோடு போய்விட்டது, பெய்யவில்லை. புதிதாகப் போட்ட மண்ணில் ஈரம் காயாமல், அடைத்த இடமெல்லாம் பழைய தரையில் கறுப்பாகத் தனியே தெரிந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் வலைக்கம்பத்துப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே பெரிய கறுப்பு. வேலிக் கதவருகே இன்னொன்று. ஆட்டக்காரரின் கால் படாத இடங்கள் அவை. அங்கே மண்ணைப் பெயர்த்தது ரப்பர்ச் சப்பாத்து இல்லை, வெறுங்கால்கள். மழைக்குப் பயந்த அவசரத்தில் கூத்தாடிய குழிகளையும் சேர்த்து அடைத்து, சேர்த்தே புள்ளியும் வைத்துவிட்டார்.

காலால் அளந்து, கையால் அளந்து, அந்த இடங்களில் போன மண் மூன்று கூடை என்று கண்டுகொண்டார். கொட்டகைக்குள் போய்க் கடைசி மூன்று புள்ளிகளைப் பெருவிரலால் தேய்த்தார். சுண்ணாம்பு முழுதும் போகவில்லை, மூன்று வெள்ளைத் தீற்றலாக நின்றது.

அழகமுத்து கங்காணி இருளப்பனின் தம்பி, சுப்பம்மாவுக்குக் கொழுந்தன். விஷயம் தெரிந்ததும் அவர் லயத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

“மதினி, ஒங்களுக்குப் புத்தி இருக்கா? பதினொன்னுன்னு பஸார் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். மூணு புள்ளி ஒங்கள என்னா பண்ணுச்சு?”

“அது ஒங்க கூத்து கொழுந்தனாரே. நீங்க ஆடுன கூத்த அந்தப் புள்ள கணக்குல எப்புடி வக்கிறது?”

“சந்தோசத்துல ஆடுனோம்! அதுவும் அந்தப் புள்ளயால வந்த சந்தோசந்தானே? அங்க பேர எழுதமாட்டேன்னு நிக்கிறாய்ங்க. பதினொன்னு இருந்தா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது. இப்ப நீங்களே கொறச்சுட்டு நிக்கிறீங்க. நாளைக்கு அந்தப் பேரு ஏறலேன்னா லயத்துல ஒருத்தரும் ஒங்க மொகத்துல முழிக்கமாட்டாக.”

“எட்டுல ஏறாத பேரு பதினொன்னுல ஏறி என்னா ஆகப்போகுது? நாப்பத்தஞ்சு ராத்தலுக்கு ஒரு சேல வாங்குனேனே, அது எங்க போச்சு? தூளியாப் போச்சு.”

கங்காணிக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுதும் பீலிக்கரையில் பெண்கள் சுப்பம்மாவிடம் பேசவில்லை. அவர் தண்ணீர் பிடிக்க வந்தால் பேச்சு நின்றுவிடும். உள்ளுக்குள் அவருக்கும் பயம்தான். தன் விரலால் அந்தப் பெண்ணின் பெயரைத் தானே அழித்துவிட்டோமோ என்று இருந்ததாகப் பின்னால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் கூடினார்கள். அங்கே தேநீர்த் தட்டோடு நின்ற சாலி நானா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். டாக்டர் நாகலிங்கமும் இராசமணியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பிரெண்டிஸ் துரை எழுந்து, எட்டுப் பேர் என்ற சட்டம் எதற்கு வந்தது, போட்டி உண்மையான போட்டியாக இருக்க வேண்டும் என்பதற்குத்தானே, அது உண்மையான போட்டியா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் வெளியே இருக்கிறாள் என்றார். எல்லாரும் எழுந்து கொட்டகைக்குப் போனார்கள்.

“சுப்பம்மா! எத்தனை கூடை?”

“எட்டுங்க.”

லோகன் துரை தகரத்துக்குக் கிட்டே போய்க் குனிந்தார். எட்டுப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மூன்று தீற்றல்.

“இது என்னா? யார் அழிச்சது? யார் சொல்லி அழிச்சது?”

“நான்தாங்க வச்சேன். நான்தாங்க அழிச்சேன். அது ஆட்டத்துல பேந்த மண்ணு இல்லீங்க. ஆட்டம் முடிஞ்சு எங்க ஆளுக குதிச்சதுல பேந்தது. மழைக்குப் பயந்து அவசரத்துல வச்சுட்டேன். காலையில பாத்தா வலைக்கம்பத்துகிட்ட எல்லாம் புது மண்ணு. அங்க யாருங்க பந்து ஆடுவாங்க?”

கொட்டகை வாசலில் நின்ற அழகமுத்து கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். லோகன் துரை திரும்பவும் அந்தத் தீற்றல்களைப் பார்த்தார், பிறகு மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரெண்டிஸ் துரை இங்கிலீஷில் அவரிடம் சொன்னதைச் சாலி நானா இப்படிச் சொன்னார்: “பொய் சொல்ல நினைத்தவள் பதினொன்றை விட்டுவைத்திருப்பாள். தனக்குப் பிடித்த பெண்ணுக்கே மூன்றைக் கழித்தவள் வேறு யாருக்கும் கூட்டியிருக்கமாட்டாள். இந்தத் தகரத்தில் எட்டைத் தாண்டிய வரி ஒன்றே ஒன்று. பலவீனமான வருஷம் என்று இனி எப்படிச் சொல்வது?”

அதற்குள், கூட்டத்துக்கு வந்திருந்த மிஸ் விண்டர் முன்னால் வந்தார். தன்னுடைய எட்டு வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

“சுப்பம்மா, நான் ஆடினதில் எட்டுக் கூடை இதுதானே மொதல்?”

“ஆமாங்க. தோத்த அன்னிக்குத்தாங்க ஒங்களுக்கு எட்டு.”

தட்டோடு பின்னால் வந்து நின்ற சாலி நானா, துரைசாணி அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தாராம். மிஸ் விண்டர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே லோகன் துரையிடம், “இளமை கடந்தவள் என்றீர்களே, அந்த எட்டில் பாதி என் கால் பெயர்த்தது” என்று சொல்லிவிட்டு, வராந்தாவிலிருந்து வந்து நின்ற இராசமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லோகன் துரை புத்தகத்தை மூடினார். பெயரை எழுதுவதென்று அங்கேயே முடிவாயிற்று.

எல்லாரும் போனபின் இராசமணி மட்டும் கொட்டகையில் நின்றார்.

“அக்கா, மேலை ஒரு ஒன்பது இருக்குதே. அது ஆற்றை வரி?”

“ஹாலெட் தொரைசாணிங்க. பன்னெண்டாம் வருசம்.”

“அப்ப எனக்கும் அவவுக்கும் நடுவிலை ஒரு கூடைதான்.”

“ஒரு கூடைதாங்க. ஆனா அத நீங்க தனியாப் பேக்க முடியாது. அந்தப் பக்கமும் ஒருத்தி வேணும்.”

இராசமணி அதைக் கேட்டுக்கொண்டு போனவர், மறு வாரமே ஆஸ்பத்திரி வளவுக்குள் வலை கட்டி, போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பெண்களுக்கும் பாடசாலை ஆசிரியைகளுக்கும் ஆடப் பழக்கத் தொடங்கினார். தனக்கு எதிராளியைத் தானே உண்டாக்குகிறாயே என்று டாக்டர் கேட்டதற்கு, எனக்கு ஒரு கூடை குறைகிறது அப்பா என்றாராம்.

பலகையில் பெயர் எழுத பஸார் மீராசாஹிப் நானாவைக் கூப்பிட்டார்கள். அன்று வேலை நாள். சுப்பம்மா அரை நாள் லீவு கேட்டு லயத்துக்குப் போனார். திரும்பி வரும்போது கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தார். மடித்த இடமெல்லாம் நிறம் வெளுத்துக் கோடு கோடாகத் தெரிந்தது. பீலிக்கரையைத் தாண்டி வரும்போது பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் வெள்ளையம்மாவும் இருந்தார். இப்போது அவருக்குப் பல் இல்லை.

“அடியே, அறுவத்து நாலு! எங்கடி இம்புட்டு அலங்காரமாப் போற?”

“எட்டப் பாக்கப் போறேன் அக்கா. நீயும் வா.”

இருவரும் கிளப் வராந்தாவில் போய் நின்றார்கள். மீராசாஹிப் நானா கடைசி எழுத்தை முடித்துத் தூரிகையைத் துடைத்தார். எது அந்தப் பெயர் என்று சுப்பம்மா கேட்க, அவர் விரலால் காட்டினார். பொன் வர்ணம் காயாமல் மின்னியது. சுப்பம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோலரை இழுக்கக் கொட்டகைப் பக்கம் போனார்.